நடுக்கோட்டு ஆன்டெனா

என் சகலை மீது எனக்குப் பொறாமை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் நிறுவனத்தில் உண்மையை முதல் பக்கத்தில் எழுதும் வழக்கம் கிடையாது. நாற்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளித்துவைப்பார்கள். இருபத்திரண்டு வருடம் நானும் அப்படியே எழுதிக் கை மரத்துவிட்டது. ஒரு தடவையாவது மாற்றி எழுதிப் பார்க்கிறேன்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். அவரை அந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். "நம்ம ஆபீஸ்லயே ஒரு பையன் இருக்கான், அடக்கமானவன், தலை நிமிர்ந்து பேசமாட்டான்" என்று மாமியாரிடம் சிபாரிசு செய்தது இந்த வாய்தான். கல்யாணம் முடிந்த மறுவாரமே பையன் தலை நிமிர்ந்துவிட்டார். அன்றிலிருந்து நான் குனிந்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் நிறுவனம் ஆன்டெனா வடிவமைக்கும் நிறுவனம். கீழ்த்தளத்தில் அச்சுப் பிரிவு. பச்சை போர்டின் மேல் ஒட்டிய செம்புத் தகட்டில் ஸ்லாட், அதாவது மெல்லிய பிளவு, வரைந்து அச்சடிப்பார்கள். சகலை அங்கே வளர்ந்தவர். மேல்தளத்தில் குழாய்ப் பிரிவு. அங்கே நானும் ஒரு பழைய மின்விசிறியும். எங்கள் வேலை இரண்டு விரல் அகலமும் ஒரு விரல் உயரமும் உள்ள பித்தளைக் குழாயில். உள்ளே மைக்ரோவேவ் அலை ஓடும். குழாயின் மேல்முகத்தில் நீளவாக்கில் ஸ்லாட் வெட்டினால் அலை அதன் வழியாக வெளியே பாயும்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அலை ஓடும்போது குழாயின் மேல்முகத்தில் மின்னோட்டம் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து போகும், வகிடெடுத்த தலைமுடி மாதிரி. வகிட்டின் மேலேயே கத்தியை ஓட்டினால் ஒரு முடிகூட வெட்டுப்படாது. அதேபோல நடுக்கோட்டில் ஸ்லாட் வெட்டினால் எந்த மின்னோட்டமும் அறுபடாது, வெளியே ஒரு துளி அலையும் வராது. அதனால் ஒவ்வொரு ஸ்லாட்டையும் கோட்டைவிட்டுக் கொஞ்சம் ஒதுக்கி, ஒன்றை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வெட்டவேண்டும். எவ்வளவு ஒதுக்குவது என்பதை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை கணக்கிட வேண்டும். என்னுடைய பதினாறு ஸ்லாட்டுகளுக்குக் கணினியில் மாதிரி போட்டுத் திருத்தித் திருத்தி முடிக்க ஏழு மாதம் ஆயிற்று.

ஆன்டெனாவிலிருந்து வெளியே என்ன போகிறது என்று அளக்க எங்களிடம் ஓர் அமைதி அறை உண்டு. சுவரும் கூரையும் முழுக்க நீல நிறப் பஞ்சுக் கூம்புகள். அதற்குள் எந்த அலையும் சுவரில் பட்டுத் திரும்பாது. அப்பேர்ப்பட்ட அறையைத் திறந்துவைத்த அன்றே இயக்குநர் பூட்டிவிட்டார். ஆள் நடமாட்டம் இருந்தால் கூம்புகள் அழுக்காகிவிடுமாம். வருகிற பிரமுகர்கள் கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். ஓய்வு பெறுகிறவர்கள் மட்டும் காலுறையோடு உள்ளே நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். சாவி பிரிவுத் தலைவரின் இடுப்பில் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக எனக்கு இருக்கும் ஒரே ஆசை, என் ஆன்டெனாவை அந்த அறையில் வைத்து ஒருநாள் அளந்து பார்க்க வேண்டும் என்பதுதான்.

அறை பூட்டிக் கிடப்பதால் நிறுவனம் வேறு அளவீட்டுக்கு மாறியது. மேசைமேல் ஒரு பெட்டி. அது ஆன்டெனாவுக்குள் அலையை அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கும். திரும்பி வருவது குறையக் குறைய வரைகோடு பள்ளத்தில் இறங்கும். ஆழமான பள்ளம் என்றால் அருமையான ஆன்டெனா என்று படிவம் ஏழு சொல்கிறது. திரும்பி வராத அலை வெளியேதான் போனதா என்று ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டேன். இயக்குநர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார்.

"நாம மேலிடத்துக்கு எத்தனை கடிதம் போடுறோம்? எதுவும் திரும்பி வர்றதில்ல. அப்படின்னா எல்லாம் போய்ச் சேர்ந்துடுச்சு, ஏத்துக்கிட்டாங்கன்னுதானே இந்த நிறுவனத்தையே நடத்திட்டு வர்றோம். ஆன்டெனாவுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அந்த வருடம் எங்கள் பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றார். கூம்புகளுக்கு நடுவே கண்ணீரோடு புகைப்படம் எடுத்துக்கொண்டு சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அந்த நாற்காலிக்கு இரண்டு பேர் தகுதி என்று அறிவிப்பு வந்தது. ஒருவன் நான். இன்னொருவர் சகலை. இருவரும் ஒரே அலைவரிசைக்கு, பதினாறு ஸ்லாட்டுகளோடு ஒரு குழாய் ஆன்டெனா செய்ய வேண்டும். யாருடையது சிறந்ததோ அவருக்குச் சாவி.

குழாயையே தொடாத ஆளோடு போட்டியா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரிப்பு ஏழு மாதம் இருந்தது. சகலை தன் ஆன்டெனாவைக் கொண்டுவந்து வைத்தபோது போய்விட்டது. அச்சுப் போர்டில் பிளவை நடுவாக வைத்துப் பழகிய கை. பதினாறு ஸ்லாட்டுகளையும் நூல் பிடித்தமாதிரி நடுக்கோட்டில் வெட்டியிருந்தார். பார்க்க லட்சணமாக இருந்தது. அதிலிருந்து ஓர் அலையும் வெளியே வராது. குழாயின் கடைசியில் மிச்ச அலையை வாங்கி வெப்பமாக்க ஒரு கறுப்புக் கட்டை வைப்போம், அதற்கு விழுங்கி என்று பெயர். சகலையின் குழாயில் போவதெல்லாம் நேராக விழுங்கியின் வயிற்றுக்குத்தான். அதனால் எதுவும் திரும்பி வராது. பெட்டியில் மாட்டினார்கள். வரைகோடு கிணறு மாதிரி இறங்கியது. ஆழம் நாற்பத்தொன்று டெசிபல். என்னுடையது பதினேழு.

கைதட்டினார்கள். என் வயிறு எரிந்தது, அந்தக் கறுப்புக் கட்டையைவிடச் சூடாக.

அடுத்து இரண்டு குழாய்களும் பிளவு ஒப்புதல் குழுவிடம் போயின. குழுவில் நான்கு பேர். கட்டடப் பராமரிப்பு, நூலகம், வாகனப் பிரிவு, தோட்டம் என்று எல்லாத் துறைக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஆன்டெனா தெரிந்தவர்களை மட்டும் சேர்க்கவில்லை. சகலையின் குழாயைத் தோட்டத்துக்காரர் கையில் வாங்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பாத்தி கட்டினால் இப்படிக் கட்டவேண்டும் என்றார். என் குழாய்க்கு ஒரு கேள்வித்தாள் வந்தது. ஸ்லாட்டுகள் ஏன் கோணலாக உள்ளன? ஒவ்வொரு கோணலுக்கும் தனித்தனியே எழுத்து மூலம் விளக்கம் தரவும்.

பதினாறு விளக்கம் எழுதினேன். வகிட்டையும் வரைந்து காட்டினேன். பதில் வந்தது. இடப்பக்கம் ஒதுங்கிய எட்டுக்கும் விளக்கம் திருப்திகரமாக உள்ளது, அங்கீகரிக்கப்படுகிறது. அங்கீகரிக்கப்பட்டவற்றுக்கு நேரெதிராக வலப்பக்கம் உள்ள எட்டும் நிராகரிக்கப்படுகின்றன.

விழுங்கி சுடுகிறது என்று புகார் எழுதினேன். போகிற சக்தியெல்லாம் அங்கேதான் போகிறது, தொட்டுப் பாருங்கள் என்றேன். தொட்டுப் பார்க்க ஒரு துணைக்குழு அமைத்தார்கள். மூன்று பேர் வந்து வரிசையாகத் தொட்டார்கள். இதமான சூடு, மழைக்காலத்தில் கூடுதல் பயன் என்று அறிக்கை கொடுத்தார்கள். கேன்டீன் அம்மா அதன்மேல் டீ கேத்தலை வைக்க ஆரம்பித்தார். பிறகு என் ஆன்டெனாவின் விழுங்கியையும் தொட்டார்கள். அது சில்லென்று இருந்தது, சக்தியெல்லாம் வெளியே போய்விடுவதால். குறை: இயங்குவதற்கான அறிகுறி இல்லை என்று எழுதிவைத்தார்கள்.

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். படம்தான் தாங்கவில்லை. ஆன்டெனா எந்தத் திசையில் எவ்வளவு வீசுகிறது என்று கணினி ஒரு வண்ணப் படம் போடும். அந்த மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. கிடைத்ததில் எது அதிகமோ அதற்குச் சிவப்பு அடிக்கும். அது மலையளவா கடுகளவா என்று அதற்குக் கவலையில்லை. சகலையின் குழாயிலிருந்து கணக்குப் பிழை அளவுக்குக் கசிந்ததை எடுத்து, பெரிய செம்பருத்திப் பூ மாதிரி விரித்துக் காட்டியது. என்னுடையது ஒரே திசையில் ஒரே குச்சி. ஒரு நல்ல ஆன்டெனா அப்படித்தான் வீசவேண்டும். பூவைச் சட்டம் போட்டு நிறுவனத்தின் வரவேற்பறையில் மாட்டினார்கள். ஒரு பிரதியை மாமியார் வாங்கிக்கொண்டுபோய்க் கூடத்தில் மாட்டினார், என் கல்யாணப் போட்டோவைக் கழற்றிவிட்டு. ஆணி ஒன்றுதான் இருந்ததாம்.

"உங்களுது ஏங்க இப்படி நோஞ்சான் மாதிரி இருக்கு?" என்றாள் என் மனைவி, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து. "கொஞ்சம் பூசினாப்ல வரைஞ்சிருக்கலாம்ல?"

அது வரைவதில்லை, கணக்கு என்றேன். தங்கச்சி வீட்டுக்காரருக்கு மட்டும் கணக்கு எப்படிப் பூவாக வருகிறது என்று கேட்டாள். அன்று நான் சாப்பிடவில்லை. சகலைக்குக் காய்ச்சல் வர வேண்டும், பூப் படத்துச் சட்டத்தில் கரையான் வர வேண்டும் என்றெல்லாம் நினைத்தேன். படித்தவன் நினைக்கிற நினைப்பா என்று கேட்டால், ஆமாம்.

கடைசியில் எனக்கு ஒரு வழி திறந்தது. ஒரு முக்கிய விருந்தினர் வருகிறார், அவர் முன்னால் இரண்டு ஆன்டெனாக்களையும் இயக்கிக் காட்டிவிட்டு மேடையிலேயே பிரிவுத் தலைவரை அறிவிப்பது என்று முடிவாயிற்று. இந்தத் தடவை பெட்டி இல்லை. வளாகத்தின் கோடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மேல், வருகிற அலையைப் பிடிக்க ஒரு வாங்கி. அதிலிருந்து கம்பி இழுத்து மேடையில் ஒரு பெரிய முள்மீட்டர். அலை வந்தால் முள் எழும், வராவிட்டால் படுத்துக்கிடக்கும். இயக்குநருக்கு அந்த மீட்டர் பார்க்க நன்றாக இருந்ததால் சம்மதித்துவிட்டார். அன்று என் வாழ்க்கையில் முதல்முறையாக அவரை நல்லவர் என்று நினைத்தேன்.

நிகழ்ச்சி நிரல் வந்தது. பத்தரைக்கு வரவேற்புரை. பத்தே முக்காலுக்குக் கீழே மைதானத்திலிருந்து சகலையின் ஆன்டெனா. பதினொன்றுக்கு மேல்தள ஜன்னலிலிருந்து என்னுடையது. முள் எழாமல் சகலை முழிக்கும் முழியை நேரில் பார்க்க ஆசைதான். ஆனால் அதற்கு முன்னால் அவரைப் பற்றி நாலு பேர் புகழ்ந்து பேசுவார்கள். அதைக் கேட்கிற சக்தி எனக்கு இல்லை. அதனால் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். ஒலிபெருக்கிச் சத்தம் மேலே வந்தது. "நம் நிறுவனத்தின் செல்லப் பிள்ளை" என்று இயக்குநர் ஆரம்பித்தார். நான் ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினேன். கண்ணாடி வழியாக அலை போய்விடும், இயக்குநர் வரமுடியாது. அப்படியும் கொஞ்சம் கசிந்தது. இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டேன்.

பத்தே முக்கால் ஆனது. என் மேசையிலும் ஒரு சின்ன மீட்டரை அதே கம்பியில் இணைத்து வைத்திருந்தேன். முள் அசையவில்லை. பத்து ஐம்பது. அசையவில்லை. எனக்கு மனசெல்லாம் குளிர்ந்தது. தோற்றார், தொலைந்தார் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகப் பதினொன்றுக்குப் பொத்தானை அழுத்தினேன்.

முள் துள்ளி எழுந்து கடைசிக் கோட்டைத் தொட்டு நின்றது.

என் குழாயிலிருந்து அலை வெளியே போய், நானூறு மீட்டர் தாண்டி, ஒரு தொட்டியைத் தொட்டதற்கு இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் சாட்சி. கண் கலங்கிவிட்டது. பஞ்சையும் மீறிக் கைதட்டல் கேட்டது. படி இறங்குவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடக்கமாக எப்படிச் சிரிப்பது என்று இரண்டு தடவை சிரித்துப் பார்த்துக்கொண்டு, கை குலுக்கத் தோதாக வலது கையை நீட்டியபடியே மைதானத்துக்குள் போனேன்.

அங்கே சகலையைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. இயக்குநரின் உரை கால் மணி நேரத்தில் முடியவில்லை. முக்கிய விருந்தினரின் பெருமைகள், பிறகு தன் பெருமைகள், பிறகு கூம்புகளின் பெருமைகள் என்று பதினொன்றைத் தொட்டுவிட்டது. சகலை தன் பொத்தானை அழுத்தியதும் பதினொன்றுக்குத்தான். எழுந்தது என் முள். கைதட்டல் அவருக்கு.

மேடையேறி உண்மையைச் சொன்னேன். அது என் ஆன்டெனா, நான் போய் அணைத்துக் காட்டுகிறேன், முள் விழும் என்றேன். மூன்று மாடி ஓடி ஏறி அணைத்தேன். முள் விழுந்தது. மூச்சு வாங்க இறங்கி வந்தால் இயக்குநரின் முகம் கறுத்திருந்தது.

"பாத்தீங்களா எல்லாரும்? இவர் மேல போய் எதையோ தொட்டதும் அவரோட ஆன்டெனா கெட்டுப்போச்சு. எதைத் தொட்டீங்களோ அதைப் பழையபடி வெச்சுட்டு வாங்க."

மறுபடி ஏறினேன். ஏன் ஏறினேன் என்று கேட்காதீர்கள். இருபத்திரண்டு வருடமாகச் சொன்னதும் ஏறிப் பழகியவன். பொத்தானை அழுத்தினேன், முள் எழுந்தது, இரண்டாவது தடவை கைதட்டினார்கள். முக்கிய விருந்தினர் மாடியை அண்ணாந்து பார்த்து, இதற்காகவே மேலே ஓர் ஆளை வைத்திருக்கிறீர்களா, நல்ல ஏற்பாடு என்று சொன்னாராம்.

மறுநாள் இரண்டு ஆணைகள் வந்தன. முதலாவது, சகலை பிரிவுத் தலைவர். இரண்டாவது எனக்கு. பிரிவுத் தலைவரின் ஆன்டெனா இயக்கிக் காட்டப்படும் நேரங்களில் மேல்தளத்துக் கருவி இயங்கும் நிலையில், யாராலும் தொடப்படாமல் இருக்க வேண்டும். தொடப்படாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் விருந்து. நான் வரவில்லை என்றேன். போகாவிட்டால் பொறாமை என்று நினைப்பார்கள் என்றாள் மனைவி. பொறாமைதானே என்று சொல்லமுடியாமல் சட்டையை மாட்டிக்கொண்டேன். சாப்பிட்டபின் பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். கூடத்தில் நானும் சகலையும் அந்தப் பூவும். அவர் எழுந்துபோய்ப் படத்தின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். இடுப்பில் சாவி தொங்கியது.

"சகலை, நடுவுல வெட்டினா அலை வராதுன்னு எனக்குத் தெரியும்" என்றார், திரும்பாமல். "முதல்ல ஒரு குழாய்ல ஓரத்துல வெட்டிப் பாத்தேன், அதுலதான் வந்துச்சு. ஆனா ஓரத்துல வெட்டினா குழு விடாது. அதான் நடுவுல வெட்டினேன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மீட்டர்னு சொன்னதும் ஒரு வாரம் தூக்கம் இல்ல. அப்புறம்தான் யோசிச்சேன். நிகழ்ச்சி நிரல்ல பதினொண்ணுன்னு போட்டிருந்தா நீங்க பதினொண்ணுக்கு ஆன் பண்ணுவீங்க. ஒரு நொடி பிந்தாது. இயக்குநர்கிட்ட போய், கூம்பைப் பத்தியும் ஒரு கால் மணி நேரம் பேசுங்க சார்னு சொன்னேன். அவர் ரொம்ப சந்தோஷப்பட்டார்."

"கீழ நடக்கறதை நான் பாத்திருந்தா?"

"பாக்க மாட்டீங்கன்னு தெரியும். என்னைப் பத்தி ஒருத்தர் நல்லதாப் பேசினா நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்க. எத்தனை தடவை பாத்திருக்கேன். அதை நம்பித்தான் இறங்கினேன்." இப்போதுதான் திரும்பினார். முகத்தில் கேலி இல்லை. அதுதான் வலித்தது. "உங்க ஆன்டெனா ரொம்ப நல்லா இருக்கு சகலை. முள் அப்படி எழும்னு நானே நினைக்கல."

இதுவரை அவருடைய அதிர்ஷ்டத்தைப் பார்த்துத்தான் எரிந்துகொண்டிருந்தேன். அதிர்ஷ்டம் இல்லை, மூளை என்று தெரிந்ததும் எரிச்சல் ஒன்றுக்கு இரண்டாயிற்று. ஆனாலும் கேட்டுவிட்டேன். மானத்தை விட்டுத்தான் கேட்டேன்.

"சாவி உங்ககிட்டதான இருக்கு. ஒரே ஒரு நாள் அறையைத் திறந்து என்னுதை அளந்து பாத்துக்கறேன்."

சகலை சாவியைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார். "உங்களுதை அளந்தா அடுத்தது என்னுதை அளக்கச் சொல்வாங்க. அந்த அறை பூட்டியே இருக்கறதுதான் நம்ம ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார். உள்ளேயிருந்து மாமியார் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் காபி அனுப்பினார். பெரிய டம்ளர் அவருக்கு.

போன வாரம் மறுபடி ஒரு முக்கிய விருந்தினர் வந்தார். இன்று அழுத்தப்போவதில்லை என்ற முடிவோடுதான் மாடி ஏறினேன். முள் படுத்துக்கிடக்கட்டும், மைதானம் முழுக்கச் சிரிக்கட்டும், சாவி இடம் மாறட்டும். பஞ்சு வைத்துக்கொள்ளவில்லை. இயக்குநர் செல்லப் பிள்ளையைப் பற்றிச் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டேன். பதினொன்றுக்கு ஒரு நிமிடம் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் என் குழாய் பளபளவென்று கிடந்தது. ஏழு மாதக் கணக்கு. இடம் ஒன்று, வலம் ஒன்று. நான் அழுத்தாவிட்டால் இன்று அதிலிருந்து ஒன்றும் போகாது. அடுத்த விருந்தினர் எப்போது வருவார் என்றும் தெரியாது.

அழுத்தினேன். முள் எழுந்தது. ஜன்னலை முழுக்கத் திறந்துவைத்துக்கொண்டு, கீழே அவருக்குத் தட்டுகிற கைதட்டலைக் கடைசி ஆள் நிறுத்தும்வரை நின்று கேட்டேன்.